1,900 பெசோ ரூம் 2,270 ஆகும் கணக்கு

கேள்வி: கோவையில் ஜவுளி இயந்திர உதிரிபாகம் செய்யும் கம்பெனியில் வேலை பார்க்கிறேன். ஒரு கண்காட்சிக்காக மெக்சிகோ சிட்டி போகிறேன், ஆறு இரவு தங்க வேண்டும். ஏஜென்ட் ஒருவர் ஓட்டல் பார்த்துக் கொடுத்தார். அவர் அனுப்பிய தாளில் ஒரு இரவுக்கு 1,900 என்றும் பக்கத்தில் ஸ்பானிஷில் ஏதோ இரண்டு வார்த்தையும் இருக்கிறது. கண்காட்சிக்கு வரும் வெளிநாட்டவருக்கு வரி கிடையாது, அதை நான் பார்த்துக்கொள்கிறேன், சர்வீஸ் சார்ஜ் மட்டும் தனியாகக் கொடுங்கள் என்கிறார். இதற்கிடையில் ஓட்டலிலிருந்து பேசுகிறோம் என்று வாட்ஸப்பில் கார்டின் இரண்டு பக்கமும் போட்டோ கேட்கிறார்கள். மொத்தம் எவ்வளவு ஆகும், எப்படிக் கட்டுவது? எலெக்ட்ரிக் கெட்டில் எடுத்துப் போகலாமா?

பதில்: முதலில் அந்தக் கார்டு போட்டோவை அனுப்பாதீர்கள். ஏற்கெனவே அனுப்பிவிட்டீர்கள் என்றால் இதை இங்கேயே நிறுத்தி, பேங்க் ஆப்பைத் திறந்து கார்டை முடக்கிவிட்டு வந்து மீதியைப் படியுங்கள்.

"என் பெயர், தங்கும் தேதி, ரூம் வகை எல்லாம் சரியாகச் சொன்னார்களே சார்" என்பீர்கள். எல்லாரும் இதைத்தான் சொல்கிறார்கள். ஓட்டலின் புக்கிங் கணக்குக்குள் யாராவது புகுந்துவிட்டால் உங்கள் பெயரும் தேதியும் அவர்கள் கையில், அதை வைத்துத்தான் தூண்டில் போடுகிறார்கள். கார்டை உறுதிப்படுத்தாவிட்டால் 24 மணி நேரத்தில் புக்கிங் ரத்து என்று ஒரு மிரட்டலும் வரும். கேட்பது உண்மையான ஓட்டலாகவே இருந்தாலும் பின்பக்கத்து மூன்று எண்ணை போட்டோவில் கொடுக்கக் கூடாது, அந்தப் போன் யார் யார் கைக்குப் போகும் என்று யாருக்குத் தெரியும்? ஓட்டலின் சொந்த இணையதளத்தில் இருக்கும் நம்பருக்கு நீங்களே போன் போடுங்கள். மெசேஜில் கொடுத்த நம்பருக்கு அல்ல. புக்கிங் இருக்கிறதா, முன்பணம் கேட்டீர்களா, இந்த இரண்டே கேள்வி. ரிசப்ஷனில் பெரும்பாலும் ஆங்கிலம் புரியும்.

சரி, கணக்குக்கு வருவோம். தாளில் இருக்கும் அந்த இரண்டு வார்த்தை "மாஸ் இம்புவெஸ்தோஸ்" என்று இருக்க வேண்டும். வரி தனி என்று அர்த்தம். மெக்சிகோவில் ஓட்டல் ரூமுக்கு இரண்டு வரி. ஒன்று நம்ம ஜி.எஸ்.டி. மாதிரி மத்திய அரசு போடுவது, 16 சதவீதம், அங்கே "ஈவா" என்பார்கள். இன்னொன்று தங்கும் வரி, அது அந்தந்த மாநிலத்துடையது, மெக்சிகோ சிட்டியில் 3.5 சதவீதம். ஆறு இரவுக்கு 11,400 பெசோ (மெக்சிகோ பணம்), அதற்கு ஈவா 1,824, தங்கும் வரி 399, ஆக மொத்தம் 13,623. அதாவது ஒரு இரவு 1,900 இல்லை, 2,270. காலை உணவு இதில் சேர்த்தியா என்று தனியாகக் கேட்டுக்கொள்ளுங்கள்.

வாடிக்கையாளருக்குக் காட்டும் விலையில் வரியெல்லாம் சேர்ந்திருக்க வேண்டும் என்று அந்த ஊர் நுகர்வோர் சட்டமே சொல்கிறது, அதைக் கவனிக்க "ப்ரோஃபேகோ" என்று ஒரு அரசு அமைப்பும் இருக்கிறது. இருந்து என்ன, கோவையில் உட்கார்ந்திருக்கும் ஏஜென்டின் தாளுக்கு அந்தச் சட்டம் எங்கே வரப்போகிறது. வரி சேர்க்காமல் விலை சொல்வதை நான் பல வருடமாகத் திட்டிக்கொண்டிருக்கிறேன், யாரும் மாறியதாகத் தெரியவில்லை.

இன்னொரு விஷயம், 1,900-க்கு முன்னால் டாலர் குறி போட்டிருந்தால் பயப்பட வேண்டாம். பெசோவுக்கும் அதே குறிதான், இன்னும் சொல்லப்போனால் அமெரிக்க டாலரைவிட அந்தக் குறிக்குப் பெசோதான் மூத்தது. பின்னால் "எம்.என்." என்று இருந்தால் உள்நாட்டுப் பணம் என்று பொருள். 1,900 பெசோ என்பது நூறு டாலரை ஒட்டி வரும். இந்தக் குறிக் குழப்பத்தை வைத்தே காசு பார்க்கிறவர்களும் உண்டு, அதனால் ஏஜென்டிடம் "பெசோவில், எல்லா வரியும் சேர்த்து, ஆறு இரவுக்கு மொத்தம்" என்று ஒரே ஒரு எண்ணை மெயிலில் வாங்குங்கள். எழுதித் தர மறுத்தால் ஆளை மாற்றுங்கள்.

இப்போது அந்த "வெளிநாட்டவருக்கு வரி இல்லை" கதை. அடியோடு பொய் என்று சொல்லிவிடலாம் என்றுதான் ஆசை. ஆனால் அதில் கடுகளவு உண்மை இருக்கிறது, அந்தக் கடுகை வைத்துத்தான் இவர்கள் எண்ணெய் எடுக்கிறார்கள். மாநாடு, கண்காட்சி, வர்த்தகச் சந்தை இவற்றில் கலந்துகொள்ள வரும் வெளிநாட்டுப் பயணிக்கு ஓட்டல் செலவில் ஈவா பூஜ்ய சதவீதம் என்று ஈவா சட்டத்தில் நிஜமாகவே ஒரு பிரிவு உண்டு. நிபந்தனைகளைக் கேளுங்கள். நீங்கள் அந்த நிகழ்ச்சிக்காக மட்டுமே வந்திருக்க வேண்டும், "மட்டுமே" என்றுதான் சட்டம் சொல்கிறது. அதைக் காட்டும் குடிநுழைவு ஆவணத்தை ஓட்டலில் காட்ட வேண்டும். வெளிநாட்டில் கொடுத்த கிரெடிட் கார்டில் பணம் கட்ட வேண்டும். பணமாகவோ ஏஜென்டின் அக்கவுண்டிலிருந்தோ போனால் சலுகை போச்சு. டெபிட் கார்டும் ஃபாரெக்ஸ் கார்டும் சட்டத்தின் சொற்படி கிரெடிட் கார்டு ஆகாது. இதெல்லாம் சரியாக இருந்தாலும் கடைசியாக ஒன்று இருக்கிறது, அதில்தான் முக்கால்வாசிப் பேர் விழுகிறார்கள்: ரூமை ஓட்டலோடு பேசி எடுத்தது நிகழ்ச்சியின் அமைப்பாளராக இருக்க வேண்டும். நீங்களோ உங்கள் ஏஜென்டோ எடுத்தது இதில் சேராது.

ஆக உங்களுக்கு இந்தச் சலுகை இல்லை. ஏஜென்ட் எதையும் "பார்த்துக்கொள்ள" முடியாது. சலுகை வேண்டும் என்றால் ஒரே வழி, கண்காட்சி அமைப்பாளருக்கு நேரடியாக மெயில் போட்டு, அவர்கள் வழியாக எடுத்த அறைத் தொகுப்பு ஏதாவது இருக்கிறதா, அதில் ஈவா பூஜ்யமா என்று கேட்பது. இருக்கிறது என்றால் அதற்கு மாறிக்கொள்ளுங்கள், ஆனால் இப்போதைய புக்கிங்கில் ரத்து செய்தால் பணம் திரும்பாது என்ற நிபந்தனை இருக்கிறதா என்று முதலில் பாருங்கள், இருந்தால் மாறுவதில் லாபமே இல்லை. அப்படி மாறினாலும் அந்த 3.5 சதவீதம் போகாது, அது வேறு அரசின் வரி. கண்காட்சி முடிந்து இரண்டு நாள் கூடத் தங்கி தியோதிவாக்கான் பிரமிடு பார்க்கப் போகிறேன் என்றால் அந்த இரண்டு நாளுக்கு ஈவா கட்டத் தயாராக இருங்கள், கவுண்டரில் வாதாடாதீர்கள். கவுண்டரில் இருக்கும் பையனுக்கு இந்தப் பிரிவே தெரியாமல் இருக்க வாய்ப்பு அதிகம். இந்தச் சட்டப் பிரிவை எழுதிய புண்ணியவான் ஒரு நாள், ஒரே நாள், காலை பதினோரு மணிக்கு ஓட்டல் கவுண்டரில் பெட்டியோடு வரிசையில் நின்றிருந்தால் இப்படி எழுதியிருக்க மாட்டார்.

பதினோரு மணி என்றதும் ஞாபகம் வருகிறது. அங்கே காலை பதினோரு மணி என்றால் கோவையில் இரவு பத்தரை. நீங்கள் ரூமைக் காலி செய்யும்போது வரி விழும், ஏஜென்டுக்குப் போன் போடுவீர்கள், அவர் தூங்கியிருப்பார், அல்லது தூங்கியதாகச் சொல்வார்.

கட்டும் விதம். கிரெடிட் கார்டு, பெசோவில், அவ்வளவுதான். ரூமுக்குள் போகும்போதே ஓட்டல் ஒரு தொகையை உங்கள் கார்டில் பிளாக் செய்து வைக்கும், மினிபார், உடைசல், பாக்கி இதற்கெல்லாம். கிரெடிட் கார்டாக இருந்தால் உங்கள் வரம்பில் கொஞ்சம் குறைந்து நிற்கும், அவ்வளவே. டெபிட் கார்டோ ஃபாரெக்ஸ் கார்டோ கொடுத்தால் உங்கள் சொந்தக் காசு மாட்டிக்கொள்ளும், ஊர் திரும்பி நாட்கள் ஆன பிறகுகூட விடுபடாமல் நிற்பதைப் பார்த்திருக்கிறேன். கிளம்பும் முன் பேங்க் ஆப்பில் வெளிநாட்டுப் பயன்பாட்டை ஆன் செய்து வரம்பையும் பாருங்கள். நம்ம கார்டுகளில் அது பெரும்பாலும் மூடியே கிடக்கும்.

மெஷினில் கார்டைச் செருகியதும் "டாலரிலா, ரூபாயிலா, பெசோவிலா" என்று கேட்கும். ரூபாயைப் பார்த்ததும் நம்ம ஆட்களுக்கு ஒரு பாசம் வந்துவிடும், அங்கேதான் வெட்டு. ரூபாயில் கட்டினால் மாற்று விகிதத்தை முடிவு செய்வது உங்கள் பேங்க் இல்லை, அந்த மெஷின்காரர்கள், அதில் அவர்கள் லாபத்தைச் சேர்த்துத்தான் போடுவார்கள். அதற்கு மேல் உங்கள் பேங்கும் ஒரு கட்டணம் பிடிக்கலாம். ஒருமுறை அந்த ஊர் ஓட்டல் ஒன்றில் என்னைக் கேட்காமலே டாலர் பொத்தானை அமுக்கிவிட்டார்கள், ரசீதைப் பார்த்துச் சொன்னேன், "எல்லாம் ஒன்றுதான் சார்" என்று சிரித்தார் அந்தப் பெண். ஒன்றுதான் என்றால் பெசோவிலேயே போடுங்கள் என்று ரத்து செய்ய வைத்து மறுபடி போட வைத்தேன், பின்னால் நின்றவர்களுக்கு எரிச்சல்தான், என்ன செய்ய. "என் பெசோஸ், போர் ஃபவோர்" என்று மெஷினைத் தொடும் முன்பே சொல்லிவிடுங்கள். ஏ.டி.எம்.மிலும் இதே கதை, மாற்று விகிதத்தை ஏற்கிறீர்களா என்று திரை கேட்டால் வேண்டாம் என்று அமுக்குங்கள், பணம் வரும்.

கம்பெனியில் செலவை வாங்க வேண்டும் என்றால் சாதாரண பில் போதுமா என்று உங்கள் அக்கவுண்ட்ஸைக் கேளுங்கள். போதாது என்றால் ஓட்டலில் "ஃபாக்தூரா" கேட்க வேண்டும், அதுதான் முறையான வரி பில். வெளிநாட்டவருக்கென்று பொது வரி எண் ஒன்று இருக்கிறது, அதில் போட்டுத் தருவார்கள். அங்கே இருக்கும்போதே வாங்கிவிடுங்கள், ஊருக்கு வந்து அடுத்த மாதம் மெயில் போட்டால் பதில் வராது.

விமான நிலையத்தில் "டாக்ஸி, அமீகோ" என்று பெட்டியைப் பிடிக்க வருபவர்களை ஏறிட்டும் பார்க்க வேண்டாம். டெர்மினலுக்குள்ளேயே அனுமதி பெற்ற டாக்ஸி கவுண்டர்கள் உண்டு, பகுதியைச் சொல்லிப் பணம் கட்டிச் சீட்டு வாங்கிக்கொண்டு போகலாம். அதோடு டிக்கெட்டில் எந்த விமான நிலையம் என்று பாருங்கள். பழைய பெனிதோ ஹுவாரெஸ் ஊருக்குள்ளேயே இருக்கிறது, 2022-இல் திறந்த ஃபெலிப்பே ஆங்கெலெஸ் வடக்கே வெகு தூரம். ஓட்டலும் அப்படித்தான். கண்காட்சி சாந்தா ஃபே பக்கம் இருந்து நீங்கள் பழைய நகர மையத்தில் ரூம் எடுத்திருந்தால் தினமும் காலையில் போக்குவரத்திலேயே பாதி உயிர் போய்விடும்.

ரூமுக்குள் சில சங்கதிகள். குழாயில் "சி" என்று இருந்தால் குளிர்ந்த தண்ணீர் என்று நினைத்துத் திறக்காதீர்கள், ஸ்பானிஷில் அது "காலியெந்தே", சுடுதண்ணீர். "எஃப்" தான் பச்சைத் தண்ணீர். லிஃப்டில் "பி.பி." என்பது தரைத்தளம். குழாய்த் தண்ணீரைக் குடிக்க வேண்டாம், பாட்டிலில் "கோர்தெசியா" என்று சீட்டு இருந்தால் இலவசம், இல்லாவிட்டால் பில்லில் வரும். ரூம் சுத்தம் செய்பவருக்கு நாளுக்கு 20 முதல் 50 பெசோ வைத்துவிட்டு வாருங்கள், கடைசி நாள் மொத்தமாக வேண்டாம், ஆள் மாறியிருப்பார்.

முடிந்தால் கீழ்த்தள ரூமாகக் கேளுங்கள். ஊரின் நடுப்பகுதி பழைய ஏரிப் படுகையின் மேல் உட்கார்ந்திருக்கிறது, நிலநடுக்கம் வந்தால் அந்த மென்மண் ஆட்டத்தைப் பெரிதாக்கும். 1985 செப்டம்பர் 19 அன்று பெரிய ஓட்டல்களே விழுந்தன, 2017-இலும் அதே தேதியில் பெரிய நிலநடுக்கம் வந்தது. தெருவில் ஒலிபெருக்கியில் அபாயச் சங்கு ஊதும், கடற்கரைப் பக்கம் தொடங்கிய நடுக்கம் என்றால் ஒரு நிமிடம் போலக் கிடைக்கும், பக்கத்தில் தொடங்கினால் அதுவும் இல்லை. போன முதல் நாளே படிக்கட்டு எங்கே என்று ஒருமுறை நடந்து பார்த்துவிடுங்கள், லிஃப்டை நம்பாதீர்கள்.

கெட்டிலைக் கேட்டீர்களே. எடுத்துப் போகாதீர்கள். அங்கே மின்சாரம் 127 வோல்ட், உங்கள் கெட்டில் 230-க்குச் செய்தது. அடாப்டர் போட்டுச் செருகினால் எரிந்துவிடாது, ஆனால் மூன்றில் ஒரு பங்கு சூடுகூட வராது, 1,500 வாட் கெட்டில் 450 வாட்டில் முனகிக்கொண்டிருக்கும். போன் சார்ஜருக்கும் லேப்டாப்புக்கும் பிரச்சினை இல்லை, தட்டையான இரண்டு முள் அடாப்டர் ஒன்று போதும். ஓட்டலிலேயே கெட்டிலோ காபி மெஷினோ கேட்டால் கிடைக்கும். ஊர் 2,240 மீட்டர் உயரத்தில் இருப்பதால் தண்ணீர் 92, 93 டிகிரியிலேயே கொதித்துவிடும், குடிக்கக் காய்ச்சுவதாக இருந்தால் கொதித்த பிறகும் மூன்று நிமிடம் விடுங்கள். டீத்தூள் நீங்களே கொண்டுபோங்கள், அங்கே ரூமில் வைப்பது பெரும்பாலும் சாமந்தி மாதிரி ஒரு பூ டீ.