போஃபோர்ட் சுழலில் நன்னீர் எல்லையின்றிப் பெருகுவது குறித்து

வணக்கம். பினாங்கில் இறுதியாண்டுத் திட்டத்திற்காக நீங்கள் எழுதிய கணிப்பில், காற்று மாறாமல் வீசும்வரை, ஆர்க்டிக் பெருங்கடலில் காற்றால் சுழலும் பெரிய நீரோட்டமான போஃபோர்ட் சுழலில், உப்பு நீரின் மேல் மிதக்கும் நன்னீர் அடுக்கு முடிவின்றித் தடித்துக்கொண்டே போவதாகக் குறிப்பிட்டிருந்தீர்கள். காற்றைக் கையாண்ட முறை சரியே: வலஞ்சுழியாக வீசும் காற்று, மேற்பரப்பு நீரைத் தன் திசைக்கு வலப்புறமாக, அதாவது சுழலின் நடுவை நோக்கித் தள்ளி, அங்கே குவியும் நன்னீரைக் கீழே அழுத்துகிறது.

விடுபட்டிருப்பவை சிறு சுழிப்புகள். அடுக்கின் அடிப்பரப்பு சாயச் சாய அதில் சேரும் நிலையாற்றலைக் கொண்டு வளரும் இவை, பல வேளைகளில் பத்துக் கிலோமீட்டர் அளவே இருந்தாலும், நன்னீரை விளிம்பை நோக்கிக் கடத்திச் சாய்வைத் தணிக்கின்றன. எனவே, சுழிப்புகள் நன்னீரை எவ்வளவு விரைவாகப் பரப்புகின்றன என்பதைக் குறிக்கும் சுழிப்புப் பரவல் கெழுவை அடுக்கின் கூடுதல் தடிமனால் பெருக்கி, சுழலின் ஆரத்தின் வர்க்கத்தால் வகுத்துக் கிடைப்பதை, அழுத்தும் வேகத்திலிருந்து கழியுங்கள். கெழு வினாடிக்கு 400 சதுர மீட்டர், ஆரம் 300 கிலோமீட்டர் எனக் கொண்டால், சமநிலையை நெருங்கும் கால அளவு ஏறத்தாழ 7 ஆண்டுகள்.

உங்கள் வரைபடத்தின் தொடக்க ஏற்றத்தை மட்டும் தயவுசெய்து அழித்துவிடாதீர்கள். 2003 முதல் 2018 வரை அங்கே உண்மையிலேயே 6,400 கன கிலோமீட்டருக்கு மேல் நன்னீர் சேர்ந்தது.

கடல் பனியும் ஒரு கட்டுப்பாடுதான்: கீழுள்ள நீரோட்டம் பனியின் வேகத்தை எட்டும்போது உராய்வு குறைந்து, குவிப்பும் தளர்கிறது. ஆனால் முதலில் சுழிப்புகளைச் சேர்த்துப் பார்ப்பதே நல்லது என்பது என் கருத்து. புவியின் சுழற்சி நகரும் நீரை எவ்வளவு விலக்குகிறது என்பதைக் குறிக்கும் கொரியோலிஸ் மதிப்பு, சுழல் இருக்கும் 75 பாகை வட அகலாங்குக்கு உரியதா என்றும் சரிபாருங்கள்; பினாங்கின் மதிப்பைவிட அது ஏறத்தாழ பத்து மடங்கு பெரியது.