தாய் வகுப்பும் சேய் வகுப்பும் சமமாகுமா?

கேள்வி: ஐயா, ஜார்ஜ் டவுனில் உள்ள ஒரு மளிகைக் கடைக்காக ஜாவா மொழியில் சரக்கு இருப்பு நிரல் எழுதி வருகிறேன். ‘பொருள்’ என்னும் வகுப்பில் குறியீட்டு எண் மட்டுமே உண்டு. அதனிடமிருந்து பண்புகளை மரபுரிமையாகப் பெறும் சேய் வகுப்பான ‘காலாவதிப் பொருள்’ தேதியையும் வைத்திருக்கிறது. இரண்டையும், சமமா என்று சொல்லும் ‘ஈக்வல்ஸ்’ செயற்கூறு கொண்டு ஒப்பிட்டால், ஒரு திசையில் சமம் என்றும் மறுதிசையில் சமமில்லை என்றும் விடை வருகிறது. எதைத் திருத்துவது?
– வாசகர், பட்டர்வொர்த்

பதில்: தாய் வகுப்பு எண்ணை மட்டும் பார்த்துச் சமம் என்கிறது, சேய் வகுப்போ தேதி இல்லாததை ஏற்க மறுக்கிறது. அ என்பது ஆ-வுக்குச் சமமானால் ஆ-வும் அ-வுக்குச் சமமாக வேண்டும் என்பது ஜாவாவின் விதி.

எதிரில் இருப்பது வெறும் பொருளானால் தேதியை விட்டுவிடலாம் என்று பலரும் ஒட்டுப் போடுவார்கள். அது இன்னும் மோசம். ஜூனில் காலாவதியாகும் பருப்புப் பொட்டலம் தேதியில்லாப் பருப்புக்குச் சமம், அது டிசம்பர் பொட்டலத்துக்கும் சமம், ஆனால் ஜூனும் டிசம்பரும் சமமில்லை என்றாகிவிட்டால், சமமானவற்றில் ஒன்றை மட்டுமே வைத்துக்கொள்ளும் ‘ஹாஷ்செட்’ தொகுப்பில் எத்தனை பொட்டலங்கள் தங்கும் என்பது அவற்றைச் சேர்த்த வரிசையைப் பொறுத்ததாகிவிடும். எந்த வகுப்பைச் சேர்ந்தது என்று சொல்லும் ‘கெட்கிளாஸ்’ கொண்டு வகுப்புகள் ஒன்றேயா என்று சோதித்தால் இரண்டு சிக்கல்களும் தீரும். ஆனால் புதிய தரவு எதையும் சேர்க்காத சேய் வகுப்பும் அப்போது தாயிடமிருந்து அந்நியமாகிவிடும்.

ஜாவாவின் சொந்த நூலகமே இதில் சிக்கியிருக்கிறது. நேரத்தைக் குறிக்கும் ‘டேட்’ வகுப்பிலிருந்து பிறந்த ‘டைம்ஸ்டாம்ப்’, வெறும் ‘டேட்’டுடன் ஒப்பிடப்படும்போது ஒருபோதும் சமம் என்று சொல்லாது, இந்த ஒப்பீடு இருதிசைப் பொருத்தம் உடையதல்ல என்று அதன் ஆவணமே ஒப்புக்கொள்கிறது.

உங்கள் நிரலில் மரபுரிமையே பொருந்தவில்லை என்பது என் கருத்து. தேதியுள்ள பொட்டலம் பொருளின் ஒரு வகை அன்று, அப்பொருளின் ஒரு சரக்குத் தொகுதி. ஆகவே ‘தொகுதி’ என்று தனி வகுப்பு அமைத்து, அதனுள் பொருளையும் தேதியையும் உறுப்புகளாக வையுங்கள். மரபுரிமையை விட முடியாத நிலையில், தாய் வகுப்பில் ‘ஈக்வல்ஸ்’, ஹாஷ்செட் தேடுவதற்குப் பயன்படுத்தும் ‘ஹாஷ்கோட்’ இரண்டையும் குறியீட்டு எண்ணை மட்டும் கொண்டு எழுதி, சேய் வகுப்பு மாற்ற முடியாதபடி ‘ஃபைனல்’ என்று பூட்டிவிட்டு, தேதி ஒப்பீட்டை வேறு பெயருள்ள செயற்கூறாக எழுதுங்கள்.