போனைக் கூட்டுவதா, அம்ப்பைக் கூட்டுவதா?

கேள்வி: தலவாக்கலைப் பக்கம் ஒரு தோட்டத்தில் இருக்கிறோம். ஹட்டனில் ஓர் அம்ப்ளிபயரும் இரண்டு பொக்ஸும் வாங்கினேன். போன் சத்தத்தைப் பாதியில் வைத்து அம்ப்பைக் கூட்டினால், பாட்டுக்குப் பின்னால் ‘உஸ்’ என்று இரைகிறது. போனை முழுக்கக் கூட்டினால் சத்தம் கிழிகிறது. டிவிடி பிளேயருக்கு மாற்றினால் வீடே அதிர்கிறது. விற்ற கடையில் கேட்டால், வாட் கூடிய அம்ப் எடுக்கச் சொல்கிறார்கள். எடுக்கவா?

பதில்: இப்போதைக்குச் சல்லியைப் பையிலேயே வைத்திருங்கள். 100 வாட்டை 200 ஆக்கினால் கூடுவது 3 டெசிபல்தான் (சத்தத்தை அளக்கும் அலகு). காதுக்குக் கொஞ்சம் கூடிய மாதிரி இருக்கும், அவ்வளவே. இரண்டு மடங்கு சத்தமாகத் தோன்றவே ஏறத்தாழ 10 மடங்கு வாட் வேண்டும். இரைச்சலையும் கிழிசலையும் அது தீர்க்காது.

போனைப் பாதியில் வைத்தால் அம்ப்புக்குப் போவது மெலிந்த பாட்டு. அதைத் தூக்க அம்ப்பைக் கூட்டும்போது, அம்ப்புக்கே உரிய இரைச்சலும் சேர்ந்து எழும்பும். சாயம் இறங்காத தேத்தண்ணியில் சீனியை அள்ளிப் போட்டு என்ன பயன்? மறுபக்கம், போனில் ‘பாஸ் பூஸ்ட்’ (அடித்தொனியைத் தூக்கும் வசதி) போட்டு முழுக்கக் கூட்டினால், ஒலி அலையின் உச்சி வெட்டுப்படும். நீங்கள் கிழிகிறது என்பது அதைத்தான். அதே கிழிசலோடு பலமாக ஓட விட்டால் பொக்ஸில் உள்ள சின்ன ஸ்பீக்கர் கருகிவிடும், கவனம்.

ஆகவே முதலில் போனில் ஈக்குவலைசரையும் (தொனிகளைக் கூட்டிக் குறைக்கும் வசதி) பாஸ் பூஸ்ட்டையும் நிறுத்துங்கள். அம்ப்பைச் சுழியத்துக்கு இறக்கிவிட்டு, போனை 80, 90 சதவீதத்தில் வையுங்கள். அப்புறம் அம்ப்பை மெல்லக் கூட்டி, போதுமான இடத்தில் நிறுத்துங்கள். லயத்து வீடென்றால் அடுத்த காம்பராவின் சுவரையும் நினைத்துக்கொள்ளுங்கள்!

இன்னொன்று, போனிலிருந்து வரும் வயரை அம்ப்பின் எந்தத் துளையில் செருகியிருக்கிறீர்கள்? மைக் துளை சில மில்லிவோல்ட்டை (வோல்ட்டில் ஆயிரத்தில் ஒரு பங்கு) எதிர்பார்ப்பது. முழுக்கக் கூட்டிய போன் அரை வோல்ட், ஒரு வோல்ட் என்று தள்ளும். அங்கே செருகினால் எப்படி வைத்தாலும் கிழியும். ஆக்ஸ் அல்லது லைன் துளைதான் சரி. டிவிடி பிளேயர் பெரும்பாலும் 2 வோல்ட் வரை தரும், அதனால்தான் வீடே அதிர்கிறது. சத்தம் குறைக்கும் வசதி அதன் ரிமோட்டில் இருந்தால் போனின் அளவுக்கு இறக்கி வையுங்கள். இல்லையென்றால் மாற்றுமுன் அம்ப்பைக் குறைத்துவிடுங்கள்.

போனை சார்ஜில் போட்டதும் ‘ம்ம்ம்’ என்று முனகினால் அது வேறு விஷயம், சார்ஜரைக் கழற்றிப் பாருங்கள்.

என்றாவது புதிது வாங்கினால், அட்டைப்பெட்டியில் ஆயிரக்கணக்கில் போட்டிருக்கும் பி.எம்.பி.ஓ. வாட்டை நம்ப வேண்டாம், அது கணநேர உச்சத்தைக் காட்டும் விளம்பரக் கணக்கு. தொடர்ந்து தரக்கூடிய ஆர்.எம்.எஸ். வாட் எவ்வளவு என்று கேளுங்கள். சொல்லத் தெரியாத கடையில் நான் வாங்க மாட்டேன்.

இவ்வளவும் செய்தும் இரைந்தால், போன் வயரைக் கழற்றிவிட்டு, பாட்டுக் கேட்ட அதே அளவில் அம்ப்பை மட்டும் வைத்துப் பாருங்கள். அப்போதும் அதே இரைச்சல் என்றால் கோளாறு அம்ப்பில்தான். வாரன்டி அட்டையோடு கடைக்குக் கொண்டுபோங்கள். குமிழைத் திருப்பும்போது மட்டும் கரகரத்தால் உள்ளே தூசியோ ஈரமோ பிடித்திருக்கும். நம் ஊர் மழைக்கும் பனிக்கும் அது வழக்கம்தான், ரிப்பேர்காரர் ஸ்பிரே அடித்துச் சுத்தம் செய்து தருவார்.