அப்பாவின் நெஞ்சில் ஒரு நிழல்

வாசகர் கேள்வி – பதில்

பதில் எழுதுபவர், தருமபுரியில் நெஞ்சக நோய்ப் பிரிவில் 31 ஆண்டுகள் பணியாற்றி ஓய்வுபெற்ற செவிலியர்.

கேள்வி: என் அப்பாவுக்கு 63 வயது. பர்கூர் பக்கம் கிரானைட் குவாரிகளில் 22 ஆண்டுகள் துளை போடும் மெஷின் பிடித்தவர். பீடிப் பழக்கம் இருந்தது. எட்டு ஆண்டுகளுக்கு முன் விட்டுவிட்டார். சர்க்கரை உண்டு. இதயத்துக்காக ரத்தம் உறையாமல் இருக்க ஒரு மாத்திரையும் சாப்பிடுகிறார். இரண்டு மாதமாக இருமல். போன மாதம் சளியில் ஒரு கீற்று ரத்தம் வந்தது. எக்ஸ்ரேயில் வலது நுரையீரலின் மேல் பகுதியில் நிழல் இருக்கிறது என்றார்கள். சளியை இரண்டு முறை சோதித்தும் காசநோய்க் கிருமி தென்படவில்லை. சி.டி. ஸ்கேனில், 3.8 சென்டிமீட்டர் கட்டி, ஓரம் முள் முள்ளாக இருக்கிறது, நெறிக்கட்டிகள் வீங்கியிருக்கின்றன, புற்றுநோயாக இருக்கக்கூடும், சதைப் பரிசோதனை தேவை என்று எழுதியிருக்கிறார்கள். ஊசி செலுத்திச் சதை எடுக்க வேண்டும் என்கிறார் டாக்டர். ஊசி பட்டால் கட்டி கலைந்து உடம்பெல்லாம் பரவிவிடும், கூடவே கூடாது என்கிறார் பெரிய மாமா. அப்பாவிடம் 'சளி கட்டியிருக்கிறது' என்று மட்டும் சொல்லி வைத்திருக்கிறோம். தங்கை பிரசவத்துக்கு வந்து கைக்குழந்தையோடு வீட்டில் இருக்கிறாள். நான் ஓசூரில் கம்பெனி வேலையில் இருக்கிறேன். இரவில் தூக்கம் இல்லை. இது புற்றுநோய்தானா அம்மா?
– பெயர் வேண்டாம், காவேரிப்பட்டணம்

பதில்: மகளே, உன் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். ஸ்கேன் அறிக்கையை ஒரு வரி விடாமல் எழுதியிருக்கிறாய். அதில் 'இருக்கக்கூடும்' என்று ஒரு சொல் இருக்கிறது பார். அதை எழுதிய டாக்டர் மழுப்பவில்லை. கட்டி எவ்வளவு பெரியது, ஓரம் எப்படி இருக்கிறது, எதை ஒட்டி நிற்கிறது என்பதையெல்லாம் ஸ்கேன் சொல்லும். அது எதனால் ஆன கட்டி என்பதைச் சொல்லாது. முள் முள்ளான ஓரமும், சளியில் வந்த ரத்தமும், பழைய பீடியும் சந்தேகத்தைக் கூட்டுகின்றன. இதை உன்னிடம் மறைக்க எனக்கு மனம் வரவில்லை. ஆனால் சதையை எடுத்து மைக்ராஸ்கோப்பில் பார்க்கும்வரை அந்த நிழலுக்குப் பெயர் கிடையாது. நீயாக ஒரு பெயரை வைத்துக்கொண்டு இரவெல்லாம் விழித்திருக்காதே. மாமாவின் பேச்சைக் கேட்டு நாளைக் கடத்தவும் செய்யாதே.

உன் கடிதத்தில் நான் நின்றுபோன இடம் வேறு. 22 ஆண்டுகள் துளை போடும் மெஷின் பிடித்தவர் என்கிறாயே, அதை டாக்டரிடம் சொன்னீர்களா? பெரும்பாலும் சொல்லியிருக்க மாட்டீர்கள். ஓ.பி. சீட்டில் தொழில் என்ற இடத்தில் 'கூலி' என்று எழுதிக் கொடுத்துவிட்டுப் போவதைத்தான் பணிக்காலம் முழுக்கப் பார்த்தேன். குவாரியிலிருந்து நேராக வார்டுக்கு வந்தவர்களின் இமை மயிரில்கூட வெள்ளைத் தூள் படிந்திருக்கும். கழுத்தில் கிடக்கும் துண்டை உதறினால் கட்டில் விரிப்பில் கோலமாவு கொட்டியதுபோல் இருக்கும். மூக்கையும் வாயையும் துண்டால் கட்டிக்கொண்டுதான் வேலை செய்கிறோம் என்பார்கள். கண்ணுக்குத் தெரிகிற தூளைத்தான் துண்டு தடுக்கும். நுரையீரலின் அடிவரை போகிற தூள் கண்ணுக்கே தெரியாது; துண்டின் இழைகளுக்கு நடுவே அது தாராளமாக நுழைந்துவிடும்.

கிரானைட் தூளில் சிலிக்கா இருக்கிறது. உள்ளே போய்த் தங்கிய தூளைச் சுற்றி நுரையீரல் தழும்பு போடும். ஆண்டுக்கணக்கில் அந்தத் தழும்புகள் சேர்ந்து, மேல் பகுதியில் கட்டி போலவே திரண்டுவிடுவது உண்டு. நெறிக்கட்டிகளும் வீங்கும். இதற்குச் சிலிக்கோசிஸ் என்று பெயர். சிலிக்கோசிஸ் வந்தவர்களைக் காசநோய் எளிதில் பிடிக்கும். அதே தூள் நுரையீரல் புற்றுநோயையும் உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி அமைப்பு 1997-இலேயே அறிவித்துவிட்டது. ஆக, உன் அப்பாவின் நிழலுக்கு மூன்று காரணங்களில் எது வேண்டுமானாலும் இருக்கலாம். இரண்டு சேர்ந்தும் இருக்கலாம். படத்தில் மூன்றும் ஒன்றுபோலத் தோன்றும். வைத்தியமோ மூன்றுக்கும் வேறு வேறு. ஆகவே இன்றே ஒரு வெள்ளைத்தாளில் எழுது: எந்த ஆண்டு முதல் எந்த ஆண்டு வரை குவாரி வேலை, என்ன மெஷின், தண்ணீர் விட்டுத் துளை போட்டார்களா, காய்ந்த கல்லிலேயே போட்டார்களா, ஒரு நாளைக்கு எத்தனை பீடி. அந்தத் தாள் ஸ்கேன் ஃபிலிமோடு போகட்டும்.

பெரிய மாமா கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. ஊசி போட்ட இரண்டு மாதத்தில் படுக்கையில் விழுந்த யாரையாவது அவர் பார்த்திருப்பார். அவர்களில் பலருக்கு ஊசி போடும் முன்பே நோய் பரவியிருந்தது. வெளியே தெரிந்தது பிறகு; பழி ஊசிமேல் விழுந்தது. ஊசி போன தடத்தில் நோய் ஒட்டிக்கொள்வது மிக மிக அரிது. அதற்குப் பயந்து சதை எடுக்காமல் விட்டால், டாக்டர் எந்த நோய்க்கு மருந்து கொடுப்பார்?

உண்மையில் கவனிக்க வேண்டியது வேறு. ஊசி போன வழியே காற்று கசிந்து, நுரையீரலுக்கும் விலாவுக்கும் நடுவில் தங்கிவிடலாம். பெரும்பாலும் அது கொஞ்சமாக இருந்து தானே சரியாகிவிடும். சிலருக்கு மட்டும் குழாய் போட நேரும். அதனால்தான் முடிந்த பிறகு சில மணி நேரம் படுக்கவைத்து, மறுபடியும் ஓர் எக்ஸ்ரே எடுக்கிறார்கள். முடிந்துவிட்டதே என்று அவசரப்பட்டு பஸ் ஏறிவிடாதீர்கள். வீட்டுக்கு வந்தபின் திடீரென்று மூச்சுத் திணறினாலோ, நெஞ்சு வலித்தாலோ, ரத்தம் நிற்காமல் வந்தாலோ 108-ஐ அழைத்துவிடு. ஊசி செலுத்தும்போது, தோலை மரத்துப்போகச் செய்துவிட்டு, ஸ்கேனில் பார்த்துப் பார்த்துத்தான் செலுத்துவார்கள். 'மூச்சை அடக்குங்கள்' என்றால் அடக்க வேண்டும், அந்த நேரத்தில் இருமக் கூடாது. அப்பாவுக்கு இருமல் அடங்காது என்றால் முன்கூட்டியே சொல்லிவிடு. வீட்டிலேயே மூச்சை அடக்கிப் பழகச் சொல். ரத்தம் உறையாமல் இருக்கச் சாப்பிடும் மாத்திரையின் அட்டையையே எடுத்துப் போ. அதை எத்தனை நாளுக்கு முன் நிறுத்துவது, நிறுத்தலாமா கூடாதா என்பதை இதய டாக்டரும் ஊசி போடச் சொன்ன டாக்டரும் பேசி முடிவு செய்யட்டும். நீங்களாக ஒரு வேளைகூட நிறுத்த வேண்டாம்.

கட்டி இருக்கும் இடத்தைப் பொறுத்து, ஊசிக்குப் பதிலாக மூக்கு அல்லது வாய் வழியாகக் கேமரா குழாய் விட்டு, உள்ளிருந்தோ நெறிக்கட்டியிலிருந்தோ சதை எடுக்கலாம் என்று டாக்டர் சொல்லக்கூடும். பிராங்கோஸ்கோப்பி என்பார்கள். அதற்குத் தொண்டையை மரக்கச் செய்வதால், அவர்கள் சொல்லும்வரை ஒரு வாய்த் தண்ணீர்கூடக் கொடுக்காதே, புரையேறிவிடும்.

இப்போது சொல்வதை மறக்காதே. எடுத்த சதையை ஃபார்மலின் பாட்டிலில் போட்டு அனுப்புவார்கள். புற்றுநோயா என்று பார்க்க அது சரி. ஆனால் ஃபார்மலினில் விழுந்தால் காசநோய்க் கிருமி செத்துவிடும், வளர்த்துப் பார்க்க முடியாது. ஆகவே 'ஒரு துண்டைச் சலைன் பாட்டிலில் காசநோய்ப் பரிசோதனைக்கும் அனுப்புவீர்களா?' என்று ஊசி போடுவதற்கு முன்பே கேள். குவாரியில் இருந்தவர் என்று சொன்னால் ஏன் கேட்கிறாய் என்று டாக்டருக்குப் புரியும்.

அறிக்கை வரச் சில நாள் ஆகும். சதை போதவில்லை, மறுபடியும் எடுக்க வேண்டும் என்று வந்தால் மனம் உடைந்துவிடாதே. அது நடக்கிற காரியம்தான். 'புற்றுநோய் அணுக்கள் தென்படவில்லை' என்று வந்தாலும் அந்த மகிழ்ச்சியில் ஊர் திரும்பிவிடாதே. அப்படியானால் வேறு என்ன தெரிந்தது, ஊசி கட்டிக்குள்தான் போனதா என்று கேட்டுத் தெரிந்துகொள்.

புற்றுநோய்தான் என்று வந்தால், எந்த வகை என்பது அடுத்த கேள்வி. சிறு அணு வகைக்கு ஒரு வழி, மற்றவற்றுக்கு வேறு வழி. சில வகைகளில் ஈ.ஜி.எஃப்.ஆர்., ஏ.எல்.கே. என்று மரபணு மாற்றங்களைத் தேடுவார்கள். இருந்தால் அதற்கென்றே மாத்திரைகள் இருக்கின்றன. இந்தச் சோதனைகளுக்கு மறுபடியும் ஊசி வேண்டியதில்லை, ஏற்கெனவே எடுத்த சதையே போதும் என்பார்கள் பலமுறை. அந்தச் சதையை மெழுகில் பதித்து, கட்டைவிரல் அகலத்தில் ஒரு சின்னப் பெட்டியாக வைத்திருப்பார்கள். பிளாக் என்று பெயர். ஓரத்தில் பென்சிலால் ஓர் எண் இருக்கும். வேறு ஊர் ஆஸ்பத்திரிக்குப் போவதானால் அந்த பிளாக்கையும் ஸ்லைடுகளையும் எழுதிக்கொடுத்து வாங்கிப் போகலாம். எண்ணை உன் நோட்டில் குறித்து வை. வெயிலில் மெழுகு இளகும்; பஸ்ஸில் ஜன்னலோரம் வைக்காதே.

பெட் ஸ்கேன் எடுத்துவிட்டால் ஊசி வேண்டாமே என்று யாராவது சொல்வார்கள். புற்றுநோய் மட்டுமல்ல, காசநோயும் சிலிக்கோசிஸும்கூட அதில் ஒளிரும். ஆகவே அது ஊசிக்கு மாற்று ஆகாது. நோய் எங்கெங்கே இருக்கிறது என்று பார்ப்பதற்கு அது உதவும், தலைக்கு எம்.ஆர்.ஐ.யும் எடுக்கச் சொல்வார்கள். அப்பாவுக்குச் சர்க்கரை இருப்பதால், மாத்திரையை எப்போது போடுவது என்று முன்பதிவு செய்யும்போதே கேள். சர்க்கரை ஏறியிருந்தால் திருப்பி அனுப்பிவிடுவார்கள், போய்வந்த அலைச்சல் வீண். அன்று சில மணி நேரம் அவர் உடம்பில் கதிரியக்க மருந்து இருக்கும். பேரக் குழந்தையை அன்றைக்கு மட்டும் தாத்தா மடியில் கொடுக்க வேண்டாம் என்று தங்கையிடம் சொல்லிவை.

செலவைப் பற்றி நீ கேட்கவில்லை, ஆனாலும் சொல்கிறேன். முதலமைச்சரின் காப்பீட்டு அட்டை இருந்தால், பணம் கட்டுவதற்கு முன் காப்பீட்டுக் கவுண்ட்டரில் காட்டு. கட்டிய பிறகு கேட்டால் பயன் இல்லை. பெங்களூரு கித்வாய் புற்றுநோய் மருத்துவமனை உங்களுக்குப் பக்கம், சென்னை அடையாறு புற்றுநோய் மருத்துவமனை தூரம். ஆனால் நம் மாநில அட்டை பெங்களூருவில் செல்லுமா என்று முதலில் போன் செய்து கேட்டுக்கொள். தருமபுரியிலும் சேலத்திலும் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகள் இருக்கின்றன. முதல் சோதனைகளுக்கு அவை போதுமா என்று உன் டாக்டரையே கேள்.

கடைசியாக, அப்பாவிடம் சொல்வது. இதைப் பற்றி எழுத எனக்குக் கை நடுங்குகிறது.

1998-இல் என் அப்பாவுக்கும் இப்படித்தான் நிழல் வந்தது. எனக்கு அப்போது பத்து ஆண்டு வார்டு அனுபவம். அப்படி இருந்தும் 'சளிதான் அப்பா' என்று சொல்லித்தான் வெளியூர் ஆஸ்பத்திரி ஒன்றுக்கு அழைத்துப் போனேன். சீட்டு வாங்க நான் வரிசையில் நின்றேன். பெஞ்சில் பக்கத்தில் இருந்தவர், 'உங்களுக்கு எந்த இடத்தில் கேன்சர்?' என்று அவரைக் கேட்டிருக்கிறார். நான் திரும்பி வந்தபோது அப்பா துண்டை மடியில் வைத்து மடித்துக்கொண்டிருந்தார். நான்காக மடிப்பார், பிரிப்பார், மறுபடியும் மடிப்பார். பஸ்ஸில் ஒரு வார்த்தை பேசவில்லை. தொப்பூர் கணவாய் ஏறும்போதுதான் கேட்டார்: 'ஊரில் எல்லாருக்கும் பார்த்துச் சொல்கிறாயே கண்ணு, எனக்கு மட்டும் ஏன் சொல்லவில்லை?'

என்னிடம் பதில் இல்லை. இன்றைக்கும் இல்லை.

உன் அப்பா படித்தவரோ இல்லையோ, ஸ்கேன் அறையின் வாசலில் உட்காரும்போது அவருக்குத் தெரிந்துவிடும். அங்கே யாரோ ஒருவர் சொல்வதற்கு முன்னால் நீ சொல். முழுவதும் சொல்ல வேண்டியதில்லை, தெரிந்தவரை சொல். 'நெஞ்சில் ஒரு கட்டி இருக்கிறது அப்பா. என்ன கட்டி என்று இன்னும் தெரியவில்லை. குவாரித் தூளாக இருக்கலாம், காசமாக இருக்கலாம், பெரிய நோயாகவும் இருக்கலாம். ஊசி போட்டுப் பார்த்தால்தான் தெரியும். நான் கூடவே இருப்பேன்.' இவ்வளவு போதும். பிறகு அவர் என்ன கேட்கிறாரோ அதற்கு மட்டும் பதில் சொல். கேட்காததைக் கொட்டாதே. மாமாவும் பக்கத்தில் இருக்கட்டும். ஊசி வேண்டுமா வேண்டாமா என்று அப்பா வாயால் ஒரு வார்த்தை வரட்டும். அவர் நெஞ்சு அது.

கேள்வி: என் அம்மா வாழ்நாளில் பீடி, சிகரெட்டைத் தொட்டதில்லை. விறகு அடுப்பில் சமைப்பவர். நெஞ்சில் நிழல் இருக்கிறது என்று காசநோய் மருந்து கொடுத்தார்கள். நான்கு மாதம் ஆகியும் இருமல் குறையவில்லை, ஆறு கிலோ இளைத்துவிட்டார். இன்னும் காத்திருக்கலாமா?
– அரூர் வாசகர்

பதில்: காத்திருக்க வேண்டாம். மருந்தைத் தொடங்கும்போது சளியில் கிருமி பார்த்தார்களா, எக்ஸ்ரேயை மட்டும் பார்த்துத் தொடங்கினார்களா என்று கேளுங்கள். கிருமி இருந்தது என்றால் மருந்துக்குக் கட்டுப்படாத காசமா என்று சோதிக்க வேண்டும். இல்லை என்றால் சி.டி. ஸ்கேனும் தேவைப்பட்டால் சதைப் பரிசோதனையும் இந்த வாரமே கேளுங்கள். புகை பிடிக்காத பெண்களுக்கும் நுரையீரல் புற்றுநோய் வருகிறது. 'இவருக்கு எப்படி வரும்' என்ற நம்பிக்கையிலேயே பல மாதங்கள் போய்விடுகின்றன. டாக்டர் சொல்லும்வரை மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள். முதலில் எடுத்த எக்ஸ்ரே ஃபிலிமைத் தேடி எடுத்துப் போங்கள். பழையதையும் புதியதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், நான்கு மாதத்தில் நிழல் சுருங்கியதா வளர்ந்ததா என்று டாக்டருக்கு அங்கேயே தெரிந்துவிடும்.