2032இல் மனித இனம் அழிந்துவிடுமா?

கேள்வி: ஒன்பதாம் வகுப்பு படிக்கும் என் மகன், 2032இல் விண்கல் மோதி மனித இனமே அழியப்போவதாக ஒரு வீடியோவில் பார்த்திருக்கிறான். "அப்புறம் எதுக்கும்மா படிக்கணும்?" என்கிறான். இரவில் சரியாகத் தூங்குவதும் இல்லை. என்ன பதில் சொல்வது?

பதில்: அந்த விண்கல்லின் பெயர் 2024 ஒய்ஆர்4. அது 2032 டிசம்பர் 22 அன்று பூமியில் மோத 3.1 சதவீத வாய்ப்பு இருப்பதாக 2025 பிப்ரவரியில் கணக்கிட்டார்கள். வீடியோ அதோடு நின்றுவிட்டது போலிருக்கிறது. அடுத்த சில நாட்களிலேயே, மேலும் கவனித்துக் கணக்கிட்டதில், பூமிக்கு ஆபத்தில்லை என்று தெரிந்துவிட்டது. கல்லின் அகலமும் சுமார் 60 மீட்டர்தான். விழுந்திருந்தால் ஒரு நகரம் நாசமாகியிருக்கும். மனித இனம் அழிந்திருக்காது. டைனோசர்களை முடித்த கல் ஏறத்தாழ 10 கிலோமீட்டர் அகலம்.

ஆனால் "நாம் அழியவே மாட்டோம்" என்று மட்டும் அவனிடம் சொல்லாதீர்கள். அது பொய். குரங்கு படிப்படியாக நிமிர்ந்து மனிதனாகும் படத்தைப் பார்த்துப் பார்த்து, பரிணாமத்தின் கடைசிப் படியில் நாம் நிற்பதாக நினைத்துக்கொள்கிறோம். பரிணாமத்துக்கு அப்படி உச்சிப் படி எதுவும் கிடையாது. நம்மைப் போலவே வேறு மனித வகைகளும் நமக்குப் பங்காளிகளாக இருந்தன. ஹோமோ எரக்டஸ் என்ற மனித வகை பத்து லட்சம் ஆண்டுகளுக்கும் மேல் வாழ்ந்து மறைந்தது. இந்தோனேசியாவின் ஃபுளோரஸ் தீவில் மூன்றரை அடி உயர மனிதர்கள் சுமார் 50,000 ஆண்டுகளுக்கு முன்புவரை இருந்தார்கள். நியாண்டர்தால்கள் என்ற இன்னொரு வகையினர் மறைந்து சுமார் 40,000 ஆண்டுகள் ஆகின்றன. ஆனாலும் உங்கள் மகனின் மரபணுவில் ஏறக்குறைய இரண்டு சதவீதம் அவர்களிடமிருந்து வந்தது. நம் இனம் தோன்றி சுமார் 3 லட்சம் ஆண்டுகள்தான் ஆகின்றன.

இதை அவன் கண்ணால் பார்க்க வேண்டும். திருவள்ளூர் மாவட்டம் அத்திரம்பாக்கத்தில் கிடைத்த கற்கருவிகளில் பழையவை 15 லட்சம் ஆண்டுகளுக்கு முந்தியவை. அவற்றைச் செதுக்கிய கைகள் நம் இனத்துடையவை அல்ல. அப்போது நாம் பிறக்கவே இல்லை. அந்த வட்டாரத்துக் கருவிகளைப் பூண்டி அகழ்வைப்பகத்தில் காட்டுங்கள்.

என்னைக் கேட்டால், விண்கல்லைவிட உலகில் குவிந்திருக்கும் சுமார் 12,000 அணுகுண்டுகள்தான் கவலைக்குரியவை. அவை மனிதர் செய்தவை, மனிதரால் குறைக்கக்கூடியவை. விண்கல்லுக்கும் வழி பிறந்திருக்கிறது: 2022இல் நாசாவின் டார்ட் விண்கலம் டிமார்ஃபஸ் என்ற சிறுகோளில் வேண்டுமென்றே மோதி, அதன் சுற்றுப்பாதையையே மாற்றியது. "எதுக்குப் படிக்கணும்" என்பவனிடம் இதைச் சொல்லுங்கள்.

படுக்கைக்கு போன் வேண்டாம். இரண்டு வாரத்துக்குப் பிறகும் தூக்கம் திரும்பவில்லை என்றால் மருத்துவரிடம் அழைத்துப் போங்கள்.