இரண்டு வாரப் பயிற்சி எதற்கு என்று கேட்ட தங்கச்சிக்கு

தங்கச்சி, நர்சிங் முடித்து நான்கு வருடம் ஐசியூவில் வேலை பார்த்துவிட்டு இப்போது வெளிநாடு வந்து முதியோர் இல்லம் ஒன்றில் சேர்ந்திருக்கிறேன், இரண்டு வாரம் பயிற்சி என்கிறார்கள், எல்லாம் தெரிந்ததுதானே, சீக்கிரம் முடித்துவிட்டு டூட்டிக்குப் போக வழி உண்டா என்று கேட்டிருக்கிறீர்கள். கூடவே வாடகை, குளிர், லைசென்ஸ் என்று ஒரு பட்டியல். அதற்கெல்லாம் பதில் சொல்ல ஆயிரம் பேர் வருவார்கள். குளிர் பழகிவிடும், லைசென்சைச் சீக்கிரம் எடுத்துவிடுங்கள், அவ்வளவுதான். பயிற்சியைப் பற்றி மட்டும் நான் சொல்கிறேன். 19 வருடத்துக்கு முன்னால் இதே கேள்வியை உங்களைவிடத் தலைக்கனத்தோடு கேட்டவள் நான்.

எனக்கு அப்போது வேகம்தான் பெருமை. காலையில் எட்டுப் பேரை எழுப்பி, கழுவி, உடை மாற்றி, மற்றவர்கள் நான்காவது ஆளிடம் இருக்கும்போதே நாற்காலியில் உட்கார வைத்துவிடுவேன். அதில் ஒரு பாட்டி, 84 வயது, தையல் வேலை செய்தவர். தன் ஸ்வெட்டர் பொத்தான்களைத் தானே போடுவேன் என்பார். ஐந்து பொத்தானுக்குக் கால் மணி நேரம். நான் பத்து நொடியில் போட்டுவிட்டு அடுத்த அறைக்குப் போய்விடுவேன். அங்கே வெகுகாலமாக வேலை பார்த்த ஓர் அம்மா ஒருநாள் என் மணிக்கட்டைப் பிடித்து, "கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நில்" என்றார். படிப்பில்லாத ஆள் எனக்குச் சொல்லிக் கொடுப்பதா என்று எனக்கு ஒரே கோபம். ஒரு மாதம் கழித்து அந்தப் பாட்டி பொத்தானைத் தொடவே இல்லை. என்னைப் பார்த்ததும் சின்னப் பிள்ளை மாதிரி இரண்டு கையையும் நீட்டினார்.

ஐசியூவில் நாம் ஒருவருக்காக எல்லாவற்றையும் செய்யப் பழகியவர்கள். இங்கே அதைத்தான் முதலில் மறக்க வேண்டும். பயிற்சியில் அதைச் சொல்லித் தருவார்கள், ஆனால் "அவரால் முடிந்ததை அவரே செய்யட்டும்" என்று ஒரே ஒரு வரியில் வந்து போய்விடும். தூங்கிவிட்டால் போச்சு.

அடுத்து, உங்களை நிஜமாகவே பயமுறுத்த விரும்பும் விஷயம். எங்கள் இல்லத்தில் ஒரு தாத்தா எப்போதும் திட்டிக்கொண்டே இருப்பார். தண்ணீர் சூடு, ஜன்னல் திறந்திருக்கிறது, நான் நடக்கிற சத்தம், எல்லாவற்றுக்கும் திட்டு. ஒருநாள் மதியம் அமைதியாகிவிட்டார். சார்ட்டில் நான் எழுதியது இன்றும் நினைவிருக்கிறது: "அமைதியாக இருந்தார், நன்றாகத் தூங்கினார்." சாயங்காலம் வந்த மகள் வாசலிலேயே நின்று, "அப்பா என்னைத் திட்டவே இல்லையே, என்ன ஆச்சு?" என்றார். நிமோனியா. காய்ச்சலும் இல்லை, இருமலும் இல்லை. வயதானவர்களுக்கு அப்படியும் வரும். அவர் அப்படித் திடீரென்று மந்தமாகிப் போனதற்குப் பெயர் டெலிரியம், உடம்பில் வந்த கோளாறால் மூளை குழம்பிப்போவது, அதிலும் சத்தமில்லாத வகை. கத்திக் கலாட்டா செய்கிறவரை எல்லோரும் கவனிப்பார்கள், சுருண்டு படுக்கிறவரைத்தான் யாரும் கவனிப்பதில்லை. டிமென்ஷியா என்கிற மறதிநோய் மாதக்கணக்கில், வருடக்கணக்கில் வருவது. நேற்று பேசியவர் இன்று பேச்சு குழறினாலோ, ஒரேயடியாக மந்தமானாலோ அது வயதல்ல, நோய். கிருமித்தொற்றோ, சிறுநீர் அடைப்போ, மலச்சிக்கலோ, நீர் வற்றியதோ, புதிதாக ஆரம்பித்த மாத்திரையோ, ஏதோ ஒன்று இருக்கும். "வயசானா அப்படித்தான்" என்ற வாக்கியத்தை விமான நிலையத்திலேயே விட்டுவிட்டு வாருங்கள்.

அந்தத் தாத்தா ஒன்பது நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தார். வாக்கர் பிடித்து நடந்தவர், சக்கர நாற்காலியில் திரும்பி வந்தார். நிமோனியா குணமாகிவிட்டது, கால்களைப் படுக்கை தின்றுவிட்டது. அதற்கப்புறம்தான் ஒரு பயிற்சியில் மார்ஜரி வாரன் என்ற டாக்டரைப் பற்றிக் கேள்விப்பட்டேன். 1935இல் லண்டனில் வெஸ்ட் மிடில்செக்ஸ் மருத்துவமனையில் 700க்கும் மேற்பட்ட நாட்பட்ட நோயாளிகள் அவர் பொறுப்பில் வந்தார்கள், பெரும்பாலும் முதியவர்கள். இனி எழ மாட்டார்கள் என்று படுக்கையோடு விடப்பட்டவர்கள். அவர் ஒவ்வொருவரையும் பரிசோதித்து, உட்கார வைத்து, நடக்க வைத்து, நிறையப் பேரை வீட்டுக்கே அனுப்பினார். முதியோர் மருத்துவத்தின் தாய் என்று அவரைச் சொல்வது சும்மா இல்லை.

நம் ஆட்களைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன், கோபித்தாலும் பரவாயில்லை. ஒரு கூட்டம், "பெரியவங்களை மதிக்கிறது நம்ம ரத்தத்திலேயே இருக்கு, இதுக்கு எதுக்குப் பயிற்சி" என்று பேசும். மதிப்பு வேறு, விழுங்க முடியாதவருக்குத் தண்ணீர் கொடுக்கத் தெரிவது வேறு. அவர்களில் பலருக்குத் திரவத்தைக் கெட்டியாக்கித்தான் கொடுக்க வேண்டும், அந்தக் கெட்டித்தன்மைக்கு உலகம் முழுக்க இப்போது நிலை எண்கள் வந்துவிட்டன, பானத்தில் 0 முதல் 4 வரை. தப்பான நிலையில் ஒரு வாய் போதும், நுரையீரலுக்குப் போய்விடும். இன்னொரு கூட்டம் ஆன்லைன் மாட்யூலுக்கு, அதாவது பயிற்சிப் பாடத்துக்கு, விடையை வாட்ஸ்அப்பில் சுற்றவிடும். பதினைந்து மாட்யூலை ஒரே ராத்திரியில் முடித்த ஒருவரோடு நான் வேலை பார்த்திருக்கிறேன். படுக்கைப்புண்ணின் முதல் அறிகுறி சிவப்பு என்று மட்டும் மனப்பாடம். கறுத்த தோலில் சிவப்பு தெரியாது. தொட்டுத்தான் பார்க்க வேண்டும், சுற்றியுள்ள தோலைவிடச் சூடாகவோ குளிர்ந்தோ, கெட்டியாகவோ மெத்தென்றோ இருக்கும். அது அவருக்குத் தெரியாது.

இருக்கட்டும். செய்யாத பயிற்சிக்குச் செய்ததாகக் கையெழுத்துப் போடாதீர்கள். ஆள் குறைவு என்று ஆளைத் தூக்கி மாற்றும் ஹாய்ஸ்ட் இயந்திரத்தை உங்களைத் தனியாக இயக்கச் சொன்னால் மறுத்துவிடுங்கள், யாராவது விழுந்தால் மாட்டப்போவது புதிதாக வந்தவர்தான். பாதியில் வேலையை விட்டால் பயிற்சிச் செலவைத் திருப்பிக் கேட்கும் ஒப்பந்தம் இருக்கிறதா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள். என் முதல் ஒப்பந்தத்தில் இருந்தது, நான் படிக்கவே இல்லை. அது தனிக் கதை.

பொத்தான் பாட்டிக்கு வருகிறேன். என்னைப் பிடித்து நிறுத்திய அந்த அம்மா திட்டவில்லை. தினமும் காலையில் கால் மணி நேரம் என்னை அந்த அறையில் உட்கார வைத்தார், அவ்வளவுதான். மற்ற வேலையெல்லாம் தள்ளிப்போகும், என் கை பரபரக்கும். ஆறு வாரத்தில் பாட்டி கீழிருந்து நான்கு பொத்தான்களைத் தானே போட ஆரம்பித்தார். கழுத்துக்குக் கீழே இருந்த அந்த ஒரு பொத்தானை மட்டும் கடைசிவரை நான்தான் போட்டேன்.