தார் போடுவதும் தள்ளிப்போடுவதும்

கேள்வி: வரி வசூல் குறைந்துவிட்டது. வேலை போனவர்கள் தெருவுக்குத் தெரு இருக்கிறார்கள். இந்த நேரத்தில் உள்ளாட்சி மன்றங்கள் தெருக்களுக்குத் தார் போடப் பணம் ஒதுக்குவது நியாயமா? நல்ல காலம் வரும்வரை தள்ளிப்போட்டால் என்ன?

பதில்: தமிழில் ரோடும் போடுகிறோம், தீர்மானமும் போடுகிறோம், ஒட்டும் போடுகிறோம், ஓட்டும் போடுகிறோம். அவற்றையெல்லாம் போட்டால் போட்ட இடத்தில் ஏதோ ஒன்று மிஞ்சும். தள்ளிப்போட்டால் மிஞ்சுவது பள்ளம். அதனால் உங்கள் கேள்வியில் 'தள்ளி'யை விட்டுவிட்டு முதலில் 'தார்' என்ற சொல்லைப் பிடித்துக்கொள்கிறேன். அந்தச் சொல்லோடு எனக்குப் பழைய வழக்கு ஒன்று உண்டு.

இப்போது தெருவில் போடுவது தாரே இல்லை. தார் என்பது நிலக்கரியிலிருந்து வந்த பொருள். இன்று ஜல்லியோடு கலப்பது பிட்டுமன், அதாவது கச்சா எண்ணெயைக் காய்ச்சி வடித்தபின் அடியில் தங்குவது. இதை இந்தப் பக்கத்தில் பலமுறை எழுதி, "ஊரே தார் என்கிறது, உங்களுக்கு என்ன?" என்று வாசகர்களிடம் வாங்கிக் கட்டிக்கொண்டிருக்கிறேன். இன்று அந்த வழக்கை வாபஸ் வாங்குகிறேன். காரணம் இருக்கிறது. பழந்தமிழில் தார் என்றால் மாலை. அதற்கு இன்னொரு பொருள், படையின் முன்வரிசை. எதிரியின் முதல் அடியைத் தாங்கிக்கொண்டு நிற்கும் தூசிப்படை. தெருவின் மேல்தோலுக்கு இதைவிடப் பொருத்தமான பெயர் கிடைக்காது.

எதிரி யார்? லாரி என்பீர்கள். லாரி இரண்டாவதுதான். முதல் எதிரி தண்ணீர். 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஜான் மெக்காடம் என்ற ஸ்காட்லாந்துக்காரர் தார் எதுவும் ஊற்றாமல், உடைத்த சிறு கற்களை மட்டும் பரப்பி நல்ல சாலை போட்டுக் காட்டினார். அடியில் இருக்கும் மண் ஈரமாகாமல் பார்த்துக்கொண்டால் அதுவே பாரத்தைச் சுமக்கும் என்பது அவர் கண்டது. அவருக்குப் பின் வந்த தார் மண்ணுக்குப் போர்த்திய மழைக்கோட்டு. அது கிழிந்தால் மண் நனையும்.

மழை விட்ட ஒரு மணி நேரம் கழித்துத் தெருவுக்கு வந்து பாருங்கள். மற்ற இடமெல்லாம் காய்ந்து வெளுத்திருக்கும். விரிசல் ஓடும் கோடு மட்டும் கறுப்பாக, ஈரமாக இருக்கும். கனமான வண்டி ஒன்று அதன்மேல் ஏறினால் விரிசலிலிருந்து மாவுபோன்ற சேறு பிதுங்கி வரும். அந்தச் சேறு சாலையின் அஸ்திவாரம். ஒவ்வொரு வண்டிக்கும் ஒரு சிட்டிகை வெளியே போகிறது. உள்ளே பொள்ளல் விழுந்தபின் மேல்தோல் முதலைத் தோல்போலக் கட்டம் கட்டமாக வெடிக்கும். அதற்கு அடுத்தது பள்ளம்.

சாலை பல வருஷம் மெல்ல மெல்ல நலிந்து, ஒரு கட்டத்துக்குப் பிறகு மளமளவென்று விழுந்துவிடும். விழுவதற்கு முன்னால் விரிசலை அடைக்க ஆகும் செலவு சின்னது. முதலைத் தோல் ஆனபின் மேலே எத்தனை அங்குலம் போட்டாலும் நிற்காது, தோண்டி அடியிலிருந்து கட்ட வேண்டும். அது பல மடங்கு செலவு. அப்படியானால் கஷ்ட காலத்தில் கையில் இருக்கும் கொஞ்சப் பணத்தை முதலில் எங்கே போட வேண்டும்? இன்னும் நன்றாக இருக்கிற, விரிசல் விட ஆரம்பித்த தெருவில். "ஏற்கெனவே நல்லா இருக்கிற ரோட்டுக்கா?" என்று குண்டும் குழியுமான தெருக்காரர்கள் கொதிப்பார்கள். அவர்கள் கோபம் எனக்குப் புரிகிறது. அவர்களில் பலர் நல்ல காலத்திலும் கவனிக்கப்படாதவர்கள். ஆகவே ஒரு பங்கை அவர்களுக்கென்று தனியே எடுத்து வைத்தே ஆக வேண்டும். முழுதாகப் போட முடியாவிட்டாலும் பள்ளத்தை ஒழுங்காக அடைத்து, எந்த ஆண்டு முழு வேலை என்று எழுதிக் கொடுக்க வேண்டும்.

2008 நிதி நெருக்கடிக்குப் பிறகு அமெரிக்காவில் மிச்சிகன், தெற்கு டகோட்டா போன்ற மாநிலங்களில் சில உள்ளாட்சிகள் தார்ச் சாலையையே பெயர்த்துவிட்டு ஜல்லிச் சாலையாக்கின. நாளைக்குப் பத்து வண்டி போகும் சாலைக்கு அது நேர்மையான முடிவு என்றே சொல்வேன். அதற்கும் செலவு உண்டு: அடிக்கடி சமன்செய்ய வேண்டும், ஜல்லி சேர்க்க வேண்டும், தூசி அடங்காது. 1930-களின் பொருளாதாரப் பெருமந்தத்திலோ அதே நாடு நேர்மாறாகச் செய்தது. 1935 முதல் 1943 வரை நடந்த மத்திய அரசு வேலைத் திட்டத்தில், வேலை இழந்தவர்களைக் கொண்டே சுமார் 10 லட்சம் கிலோமீட்டர் சாலைகளைப் போட்டார்கள், சீர்செய்தார்கள். உங்கள் கேள்வியில் வேலை போனவர்களும் தெருவும் எதிரெதிர்த் தட்டில் இருக்கிறார்கள். அன்று இரண்டும் ஒரே தட்டில் இருந்தன. மந்த காலத்தில் ஒப்பந்தக்காரர்கள் குறைந்த தொகைக்கு வருவார்கள், கச்சா எண்ணெய் விலை இறங்கினால் பிட்டுமனும் இறங்கும். தள்ளிப்போட்டு, விலை ஏறியபின் வாங்குவதில் என்ன சிக்கனம்?

கடன் வாங்கிப் போடலாமா என்றால், போடலாம். சாலை பத்து வருஷம் வரும், கடன் இருபது வருஷம் என்றால் மட்டும் கையெழுத்துப் போடாதீர்கள்.

அப்புறம், காசே கேட்காத வேலைகள் இரண்டு. ஒன்று, கனரக வண்டிகளைச் சின்னத் தெருக்களில் விடாமல் இருப்பது. 1958 முதல் 1960 வரை அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தில் சோதனைச் சாலைகள் போட்டு லாரிகளை ஓட்டிப் பார்த்தார்கள். அதிலிருந்து வந்த கணக்குப்படி, வண்டியின் ஓர் அச்சு சுமக்கும் எடை இரண்டு மடங்கானால் சேதம் சுமார் 16 மடங்கு. இரண்டாவது, இந்தப் பக்கத்தை நெடுநாளாகப் படிப்பவர்கள் எதிர்பார்த்துக்கொண்டிருப்பது: குழாய்க்காரரும் கேபிள்காரரும் தோண்டி முடித்தபின் சாலை போடுங்கள்! போட்ட மறுமாதம் தோண்டினால், தோண்டியவர் எவ்வளவு நேர்த்தியாக மூடினாலும் ஓரத்தில் ஒரு கோடு விழும். தண்ணீருக்கு அது வாசல். "துறைகளுக்குள் ஒருங்கிணைப்பு கடினம்" என்று பொறியாளர் ஒருவர் முன்பு எனக்கு இரண்டு பக்கக் கடிதம் எழுதினார். கடினம்தான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஒரு தெருவை இரண்டு முறை போடும் காசு எந்த மன்றத்திடமும் இப்போது இல்லை.

உங்கள் மன்றத்தில் அடுத்த கூட்டம் நடக்கும்போது, எந்தெந்தத் தெருவில் இன்னும் வெறும் விரிசல், எதில் முதலைத் தோல் என்று பட்டியல் இருக்கிறதா என்று கேளுங்கள். இல்லை என்றால், அடுத்த மழைக்குப் பிறகு நீங்களே ஒரு நடை போய்க் குறித்துக்கொண்டு வந்து கொடுங்கள்.